கேமரா விளிம்பைப் பார்க்கட்டும்

கட்டுமானக் கண்காட்சி எதற்குப் போனாலும் இப்போது பேசும் பெல்ட் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுகிறார்கள். கொக்கியில் ஒரு சென்சார். கம்பியில் மாட்டினால் பச்சை விளக்கு. கழற்றினால் சிவப்பு விளக்கு, கூடவே சத்தம், சூப்பர்வைசரின் கைபேசிக்கு ஒரு தகவல். பக்கத்து மேசையில் செயற்கை நுண்ணறிவுக் கேமரா. ஹெல்மெட் இல்லாத தலையையும் பெல்ட் இல்லாத முதுகையும் அது திரையில் சிவப்புக் கட்டம் போட்டுப் பிடிக்கிறது. அதற்கடுத்து, ஆள் விழத் தொடங்கியதுமே உப்பிக்கொள்ளும் காற்றுப்பை மேல்சட்டை. கடைசியில் கண்ணை மறைத்து மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று. இருபதாவது மாடி விளிம்பில் நிற்பது போன்ற காட்சியைக் காட்டி, காலை எங்கே வைக்க வேண்டும் என்று அது பயிற்சி தருகிறது.

நான்கும் வெவ்வேறு கருவிகள். ஆனால் நான்கையும் தாங்கி நிற்பது ஒரே நம்பிக்கை: உயரத்திலிருந்து தொழிலாளி விழுவதற்குக் காரணம் அவனுடைய அசட்டை. பெல்ட் கொடுத்தால் போட மாட்டான், போட்டாலும் மாட்ட மாட்டான், சொன்னால் கேட்க மாட்டான். எந்நேரமும் பின்னாலேயே நிற்க மேஸ்திரியால் முடியாது. இனி அந்த வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். கட்டட உரிமையாளர், கான்ட்ராக்டர், பொறியாளர் என்று எல்லாத் தரப்பிலும் இந்தக் கருத்து வேரோடியிருக்கிறது. இறந்தவரோடு வேலை செய்தவர்கள்கூடப் பல நேரம் இதையே சொல்கிறார்கள். இதை நான் முழுமையாக மறுக்கிறேன். காரணத்தைத் தவறாகப் பிடித்தவர்கள் கருவியையும் தவறான இடத்தில் பொருத்துகிறார்கள். அந்தத் தவறுக்கு உயிரைக் கொடுப்பவர்கள் சாரத்தின் மேல் நிற்பவர்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. மனிதர் களைத்துப்போவார், மறப்பார், பழகிய இடத்தில் பயம் விட்டுப்போகும். நாற்பது பேர் வேலை செய்யும் கட்டடத்தில் ஒரு சேஃப்டி ஆபீசர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? இயந்திரம் களைப்பதில்லை. விழாமல் தப்பிய சம்பவங்களும் பதிவாகின்றன; அவற்றை வைத்து அடுத்ததைத் தடுக்கலாம். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதர் மறப்பார் என்பது உண்மையானால், அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு வேறு. அவர் மறந்தாலும் விழாதபடி இடத்தை அமைக்க வேண்டும். நொடிக்கு நொடி அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும் கருவி, அவருடைய நினைவை நம்பித்தான் இன்னமும் இயங்குகிறது.

முதலில் அந்தக் கொக்கியையே அருகில் போய்ப் பார்ப்போம்.

நம் ஊரில் வெளிச்சுவர்ப் பூச்சு நடக்கும் நான்கைந்து மாடிக் கட்டடம் ஏதாவது ஒன்றின் முன் நின்று பாருங்கள். சவுக்குக் கழிகளை நட்டு, குறுக்குக் கழிகளைக் கயிற்றால் வரிந்து கட்டிய சாரம். நிற்பதற்கு இரண்டு பலகை. சில இடத்தில் ஒன்றுதான். அதன் மேல் கொத்தனார் கரண்டியோடு நிற்கிறார். பெல்ட் போட்டிருக்கிறார், கொக்கியும் மாட்டியிருக்கிறது. எதில்? அவர் நிற்கும் பலகையைத் தாங்குகிற அதே குறுக்குக் கழியில். கயிறு அவிழ்ந்தால் கழி போகும். கழி போனால் பலகை போகும். கழியோடு கட்டப்பட்ட அவரும் போவார். சென்சாருக்கு இது தெரியாது. கொக்கி பூட்டியிருக்கிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதனால் பச்சை விளக்கு எரியும். தரையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்க்கும் சூப்பர்வைசருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

விழும் ஆளைப் பிடித்து நிறுத்தும் நங்கூரப் புள்ளி ஒவ்வொன்றும் தலைக்கு 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,270 கிலோ எடைக்குரிய விசையைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி. தகுந்த பொறியாளர் கணக்குப் போட்டு அமைத்தால் அதில் தளர்வு உண்டு. எழுபது கிலோ ஆளுக்கு எதற்கு இவ்வளவு? விழும் உடம்பைச் சட்டென்று நிறுத்தும்போது உண்டாகும் இழுப்பு, நிற்கும் எடையைப்போலப் பல மடங்கு. சவுக்குக் கழியும் ஜன்னல் கிரில்லும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயும் அந்த இழுப்புக்கு முன் நிற்காது. “பெல்ட் போட்டாச்சு சார், எங்க மாட்டறது சொல்லுங்க” என்று மேஸ்திரி கேட்டால், நம் கட்டடங்களில் பெரும்பாலானவற்றில் பதில் சொல்ல ஆளில்லை. பதில் அந்தக் கட்டடத்தின் வரைபடத்தில் இருந்திருக்க வேண்டும். பீமிலும் தூணிலும் கான்கிரீட் போடும்போதே ஆங்கர் வளையம் புதைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாதவர் யாரோ அவரிடமிருந்துதான் அசட்டை தொடங்குகிறது. அவர் உடம்பில் எந்தச் சென்சாரும் கிடையாது.

ஆங்கர் உறுதியாக இருந்தாலும் கதை முடிவதில்லை. பெல்ட்டின் கயிறு வழக்கமாக 1.8 மீட்டர் நீளம். அதிர்வு தாங்கி பிரிந்து நீள்வதற்கு இன்னும் ஒரு மீட்டர் வேண்டும். முதுகிலுள்ள வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். வார்கள் இழுபடுவதற்கும், தரைக்கு மேல் கொஞ்சம் இடைவெளி மிஞ்சுவதற்கும் சேர்த்தால், காலடி மட்டத்தில் மாட்டிய கொக்கிக்குக் கீழே சுமார் ஐந்தரை மீட்டர் வெற்றிடம் தேவை. முதல் மாடித் தளத்தின் விளிம்பு தரையிலிருந்து மூன்று மீட்டர்தான். அங்கே தளத்தோடு கொக்கியை மாட்டிக்கொண்டு விழுபவர், கயிறு இறுகுவதற்கு முன்பே தரையைத் தொட்டுவிடுவார். அதற்கு ஆகும் நேரம் 0.8 நொடிக்கும் குறைவு. விழும்வரை விளக்கு பச்சையாகவே இருந்திருக்கும். பாதுகாப்பாக இருக்கிறார் என்று இயந்திரம் சான்று கொடுத்த நிலையில் ஒருவர் சாவது சாத்தியம் என்றால், அந்த இயந்திரம் அளப்பது பாதுகாப்பை அல்ல. கீழ்ப்படிதலைத்தான்.

கயிறு பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆள் அந்தரத்தில் தொங்குகிறார். தொடை வார்கள் இறுக்க, கால் அசைக்க முடியாமல் தொங்கும் உடம்பில் இரத்தம் கால்களிலேயே தேங்கும். மயக்கம் வரும், அரை மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போகலாம் என்று ஓஷா எச்சரித்திருக்கிறது. இப்படித் தொங்கும் ஆளை இறக்க அந்த இடத்தில் ஏற்பாடு என்ன? ஏணியா, கிரேனா, பயிற்சி பெற்ற ஆட்களா? தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்வது ஏற்பாடு ஆகாது. ஸ்மார்ட் பெல்ட் விழுந்த செய்தியை நொடியில் அனுப்பிவிடும். அனுப்பிய செய்தியைப் படித்தவர் என்ன செய்வார் என்பதை யாரும் யோசித்திருக்காவிட்டால், அந்த வேகத்தால் தொங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை.

பெல்ட்டைப் பற்றிப் பேசும்போது சித்தாள் பெண்களை யாரும் நினைப்பதில்லை. முழு உடல் பெல்ட்டுக்கு இரண்டு தொடையையும் தனித்தனியே சுற்றும் வார்கள் உண்டு. புடவை கட்டி, அதன் மேல் ஆண்சட்டை போட்டுக்கொண்டு, தலையில் கலவைச் சட்டியோடு சரிவுப் பலகையில் ஏறும் பெண் அதை எப்படி அணிவார்? பெல்ட் கணக்கில் அவர் சேர்க்கப்படவே இல்லை. ஆனால் கேமராவின் திரையில் அவரைச் சுற்றியும் சிவப்புக் கட்டம் விழும், விதி மீறியவர் என்று. அதே சரிவுப் பலகையின் இருபுறமும் இடுப்புயரக் கைப்பிடிக் குழாய் ஒன்று போட்டிருந்தால் அவர் எந்த உடையில் இருந்தாலும் அது தாங்கும். அவர் நினைவில் வைத்திருக்க வேண்டியது ஒன்றுமில்லை.

கேட்காமலேயே காக்கும் ஏற்பாடு என்று நான் சொல்வது இதைத்தான். இது புதிய யோசனையும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1933இல் தொடங்கி 1937இல் முடிந்தது. பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்று பாலம் கட்டுபவர்கள் கணக்கு வைத்திருந்த காலம் அது. இந்தப் பாலத்தின் செலவோ மூன்று கோடி டாலருக்கு மேல். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஹெல்மெட் கட்டாயம் என்றார், விளையாட்டுக் காட்டியவர்களை வேலையை விட்டு நிறுத்தினார். அதோடு நின்றிருந்தால் அவரும் இன்றைய சேஃப்டி சுவரொட்டிகளின் ஆள்தான். அவர் அதற்கு மேலும் போய், சுமார் 1,30,000 டாலர் செலவில் பாலத்தின் அடியில் கரையிலிருந்து கரைக்குக் கயிற்று வலை விரித்தார். 19 பேர் அந்த வலையில் விழுந்து பிழைத்தார்கள். அவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள். அந்த 19 பேரில் எத்தனை பேர் கவனமானவர்கள், எத்தனை பேர் அசட்டையானவர்கள் என்று வலை விசாரிக்கவில்லை.

அதே பாலத்தில் 1937 பிப்ரவரி 17 அன்று பல டன் எடையுள்ள வேலை மேடை ஒன்று பிய்த்துக்கொண்டு விழுந்து வலையைக் கிழித்தது. 10 பேர் செத்தார்கள். வலை தோற்றது என்று இதைக் காட்டுபவர்கள் உண்டு. தோற்றது மேடையைத் தாங்கிய அமைப்பு. ஆள் விழுவதற்காகக் கட்டிய வலை மேடையைத் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை. அன்று விழுந்தவர்களில் ஒருவருடைய நடத்தையைக்கூட எந்தக் கேமராவாலும் குறை சொல்லியிருக்க முடியாது. நின்ற இடமே போய்விட்டது. நம் சாரங்களில் நடப்பதும் பல நேரம் இதுதான்.

தொழில்நுட்பம் மிகுந்த நாடுகளில் என்ன நிலை என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல், விழும் ஆளைத் தடுத்து நிறுத்த இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது, முழு உடல் பெல்ட்தான் வேண்டும் என்பது சட்டம். நம் வேலையிடங்கள் பலவற்றில் இடுப்பு பெல்ட் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சென்சார், கேமரா, பயிற்சிக் கருவி என்று விற்பனைக்கு வந்த எல்லாமே அவர்களிடம் நமக்கு முன்பே உண்டு. ஆனாலும் 2023இல் அங்கே கட்டுமானத் துறையில் இறந்த 1,075 பேரில் 421 பேர் உயரத்திலிருந்து விழுந்தவர்கள். பத்தாண்டுக்கும் மேலாக ஓஷா அதிகம் குற்றம் பதிவுசெய்யும் விதி எது என்று பார்த்தால், விழாமல் காக்கும் ஏற்பாடு செய்யாததுதான் ஆண்டுதோறும் முதலிடத்தில் நிற்கிறது. அந்த விதியைக் கடைப்பிடிக்கும் பொறுப்பு சட்டப்படி முதலாளியுடையது. நோட்டீஸும் அவருக்கே போகிறது. தொழிலாளியின் அசட்டைதான் காரணம் என்பவர்கள் இந்தப் பட்டியலைப் பத்து நிமிடம் உட்கார்ந்து படிக்கட்டும்.

பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு விதிமுறை ஒரு வரிசையை வகுத்தது. உயரத்தில் செய்யாமல் முடிக்கக்கூடிய வேலையை உயரத்தில் செய்யாதே. செய்தே ஆக வேண்டுமென்றால் விழவே முடியாதபடி தடுப்பு அமை. அதுவும் முடியாத இடத்தில் மட்டுமே, விழுந்தால் ஏற்படும் கேட்டைக் குறைக்கும் வலையும் பெல்ட்டும். அதிலும் எல்லோரையும் ஒன்றாகக் காப்பது முதலில், தனியாளைக் காப்பது பிறகு. அந்த நாட்டிலும் சாவு நின்றுவிடவில்லை. 2023-24இல் வேலையில் இறந்த 138 பேரில் 50 பேர் உயரத்திலிருந்து விழுந்தவர்கள். ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் அங்கே குழப்பமில்லை. நாம் அந்த வரிசையின் கடைசிப் படியை எடுத்து, அதற்கு பேட்டரி போட்டு, அதையே முதல் படியாக விற்கிறோம்.

சிங்கப்பூரைக் காட்டி வாதிடுபவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். அங்கே தமிழகத்திலிருந்து போன ஆயிரக்கணக்கானோர் கட்டுமான வேலையில் இருக்கிறார்கள், ஆகவே அந்த ஊர்ச் செய்தி நம் வீடுகளுக்கும் உரியது. 50 லட்சம் சிங்கப்பூர் டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமான வேலையிடங்களில் 2024 ஜூன் முதல் கண்காணிப்புக் கேமரா கட்டாயம் என்று அந்த அரசு ஆணையிட்டது. “சிங்கப்பூரே கேமரா வைக்கச் சொல்கிறது” என்று நம் ஊரில் மேற்கோள் காட்டுகிறார்கள். 2013இலேயே அந்த நாடு உயரத்தில் வேலை செய்வதற்கென்று தனி விதிமுறை கொண்டுவந்ததை யாரும் சொல்வதில்லை. திறந்த விளிம்புகளுக்குத் தடுப்பு, எழுத்தில் வைத்த திட்டம், மூன்று மீட்டருக்கு மேலான ஆபத்தான வேலைக்கு அனுமதிச் சீட்டு, இவையெல்லாம் அதில் வந்துவிட்டன. கேமரா வந்தது பத்தாண்டு கழித்து, அவற்றின் மேல். தடுப்பில்லாத விளிம்பில் கேமராவை மட்டும் கொண்டுவந்து வைத்தால் விழுவது துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவே நடக்கும்.

அந்தப் பதிவு யாருக்குப் பயன்படும் என்பதையும் யோசிக்க வேண்டும். நம் நாட்டில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஓர் ஏற்பாடு வைத்தது: பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றியதால் காயம் ஏற்பட்டிருந்தால், இழப்பீடு தர வேண்டியதில்லை என்று முதலாளி வாதாடலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த விலக்கு செல்லாது என்று பின்னர் திருத்தினார்கள். அது நல்ல திருத்தம். ஆனால் இடுப்பெலும்பு முறிந்தவர், ஒரு கால் செயலிழந்தவர் இந்த விலக்கின் பிடியில்தான் இருக்கிறார்கள். இதுவரை காயம்பட்டவர் கொக்கியைக் கழற்றினாரா என்று நிரூபிப்பது முதலாளிக்கு எளிதாக இருந்ததில்லை. இனி நொடி வாரியாகச் சிவப்பு விளக்கின் பதிவு கிடைக்கும். ஒரு கழியிலிருந்து அடுத்த கழிக்கு நகர ஒற்றைக் கயிறு பெல்ட்டைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும், வேறு வழியே கிடையாது என்பது அந்தப் பதிவில் இருக்காது. காயம்பட்டவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போதே அவருக்கு எதிரான சாட்சி தயாராகியிருக்கும். இப்படி ஒரு பயன் இருக்கிறது என்பதை விற்பவர்கள் வெளியே சொல்வதில்லை. வாங்குபவர்களில் சிலருக்கு அது தெரியும்.

சரி, தொழிலாளி ஏன் கழற்றுகிறார்? பூச்சு வேலையும் பெயின்ட் வேலையும் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில்தான் கூலி. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும் நேரமும் அவர் கூலியிலிருந்து போகிறது. அந்த நேரத்துக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. மே மாத வெயிலில் கடற்கரை ஊரில் வேர்வையில் ஊறிய வார் தோளை அறுப்பதை அறியாதவர்கள்தான் இதை அடங்காத்தனம் என்கிறார்கள். சதுர அடிக் கூலியை நிர்ணயித்தவர் கொக்கியின் விதியையும் நிர்ணயிக்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது எதை மீறுவது என்ற முடிவை மட்டும் கூலிக்காரர் தலையில் போட்டுவிடுகிறோம்.

விழுவது எங்கே தொடங்குகிறது என்பதற்கு என்னிடம் ஒரு நேரடியான பதில் இருக்கிறது: டெண்டரில். அரசு வேலையின் விலைப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். சிமென்ட் பூச்சு, ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு. சாரம், நீராற்றுதல், தூக்குக்கூலி உள்பட அனைத்தும் சேர்த்து. சாரம் அந்த ‘உள்பட’ என்ற இடத்தில் கரைந்துபோகிறது. கம்பிக்குக் கிலோ கணக்கு உண்டு, கதவுக் கீலுக்கு எண்ணிக்கை உண்டு. ஆள் நிற்கும் இடத்துக்குப் பெரும்பாலும் தனி வரி கிடையாது. நல்ல குழாய்ச் சாரம், முழுப் பலகை, கைப்பிடி, வலை என்று கணக்குப் போட்ட கான்ட்ராக்டரின் விலை ஏறும். சவுக்குக் கழியும் இரண்டு பலகையும் போதும் என்று போட்டவரின் விலை இறங்கும். குறைந்த விலைக்கு வேலை போகும். வேலை கிடைத்தவர் அதைச் சப் கான்ட்ராக்டருக்குக் கொடுப்பார், அவர் மேஸ்திரிக்குக் கொடுப்பார். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் குறைந்து, கடைசியில் சாரத்துக்கு மிஞ்சுவது கழியும் கயிறும்தான். கொத்தனார் சாரத்தில் ஏறுவதற்குப் பல மாதம் முன்பே, குளிர்சாதன அறையில் உறை பிரித்த அன்றே, அவர் நிற்கப்போகும் பலகையின் அகலம் முடிவாகிவிட்டது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்கு வரியாகக் கட்டாயம் வசூலாகிறது. விழுந்த பிறகு குடும்பத்துக்குப் போகும் உதவித்தொகையும் அந்த நிதியிலிருந்துதான். விழுவதற்கு முன் செலவிட வேண்டிய பணத்துக்கு மட்டும் பெரும்பாலான விலைப்பட்டியல்களில் தனி வரி இல்லை.

இப்படி எழுதுவதால் நான் தொழில்நுட்பத்துக்கு எதிரானவன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விழுவதைக் குறைத்த தொழில்நுட்பங்கள் நிறைய உண்டு. அவற்றில் பல, சேஃப்டி என்ற பெயரில் விற்கப்படுபவை அல்ல. சென்னையைச் சுற்றி எழும் உயர்ந்த குடியிருப்புகளில் மைவான் எனப்படும் அலுமினிய ஷட்டரிங் வந்துவிட்டது. அதன் நோக்கம் வேலையை வேகமாக முடிப்பது. ஆனால் சுவரும் தளமும் ஒன்றாகக் கான்கிரீட் ஆவதால் வெளிப்பூச்சு வேலையே பெருமளவு குறைகிறது. வெளிச்சுவரைச் சுற்றி வேலை மேடையும் கைப்பிடியும் அந்த முறையிலேயே சேர்ந்து வருகின்றன. சாரத்தில் ஏறும் மணிநேரம் குறைந்தால் விழும் வாய்ப்பும் குறைகிறது. லிஃப்ட் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி முடியாத கட்டடத்தில் அதைவிடக் கொடிய இடம் இல்லை. இருட்டான குழி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு திறந்த வாய். ஷிண்ட்லர் நிறுவனம் 2018இல் அறிமுகப்படுத்திய ரைஸ் என்ற இயந்திரம் அந்தக் குழிக்குள் தானே ஏறிச் சென்று, சுவரில் துளை போட்டு ஆங்கர் போல்ட்டுகளைப் பொருத்துகிறது. அந்த வேலைக்காக ஓர் ஆள் நாள் முழுக்கக் குழியில் நிற்க வேண்டியதில்லை. கோபுரங்களையும் புகைபோக்கிகளையும் பாலத்தின் அடிப்பகுதியையும் சோதிக்க ட்ரோன் போதும். விரிசலைப் பார்ப்பதற்காக மட்டும் ஆள் ஏறிய காலம் முடிந்துவிட வேண்டும். இவை தொழிலாளியிடம் எதையும் கேட்பதில்லை, அவரைக் குற்றவாளியாக்குவதும் இல்லை. ஆபத்தான இடத்திலிருந்து அவரை எடுத்துவிடுகின்றன. காற்றுப்பை மேல்சட்டைக்கும் ஓர் இடம் உண்டு: லாரி மேல் நின்று லோடு ஏற்றுபவர், பெல்ட் மாட்டினாலும் பயனில்லாத இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில் வேலை செய்பவர். அவர்களுக்கு அதைக் கொடுக்கட்டும், வரவேற்கிறேன்.

பெரிய வேலையிடங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் இந்த விவாதத்தின் குறை. கேமராவும் மேகக் கணினியும் போவது பெரிய நிறுவனங்களின் வேலைக்கு. இரண்டு மாடி வீட்டுக்கு வெள்ளையடிக்க ஏணியோடு வரும் பெயின்டர், தொழிற்சாலைக் கூரையில் உடைந்த சிமென்ட் ஷீட்டை மாற்றப்போய் அந்த ஷீட்டே நொறுங்கி உள்ளே விழும் தொழிலாளி, மேல்நிலைத் தொட்டியைக் கழுவ ஏறுபவர், இவர்களை எந்தச் சென்சாரும் எட்டாது. இப்போது இன்னொரு கூட்டமும் கூரை ஏறுகிறது. ஒரு கோடி வீடுகளில் சூரிய மின்தகடு பொருத்தும் நோக்கத்தோடு 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு சூர்யா கர் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி கூரை என்றால், ஒவ்வொன்றிலும் பொருத்துவதற்கு ஒரு முறை, பிறகு தூசு துடைக்கவும் பழுது பார்க்கவும் ஆண்டுக்கணக்கில் பல முறை ஆள் ஏறுவார். தகட்டைத் தாங்கும் சட்டத்துக்குத் துளை போடும் அதே நாளில், நிரந்தர ஆங்கர் வளையம் ஒன்றையும் சேர்த்துப் பொருத்த ஆகும் செலவு தகட்டின் விலையோடு பார்த்தால் மிகச் சிறியது. மானியத்துக்கான நிபந்தனைகளில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். பின்னால் வரப்போகும் விபத்துகளை முன்கூட்டியே தடுக்க இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி அமையாது. கூரைகள் நிறைந்துகொண்டிருக்கின்றன, அவசரம் இருக்கிறது.

செலவு கட்டுப்படியாகாது என்ற வாதம் மிச்சமிருக்கிறது. குழாய்ச் சாரம் வாடகைக்குக் கிடைக்கிறது, ஒரு கட்டடத்தில் போட்ட கைப்பிடிக் குழாய் அடுத்த கட்டடத்துக்கும் ஆகும். கேமராவுக்கும் அதன் மென்பொருளுக்கும் மாதச் சந்தா கட்டப் பணம் இருக்கும் இடத்தில் குழாய்க்கு மட்டும் பணம் இல்லை என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. விருப்பம் எங்கே இருக்கிறதோ அங்கே பணம் போகிறது. ஆளைக் கண்காணிக்கும் கருவி மேலாளருக்கு அதிகாரத்தைத் தருகிறது. விளிம்பில் போட்ட கைப்பிடி யாருக்கும் அதிகாரம் தராது. முன்னது விற்பதற்கும் பின்னது விற்காமல் கிடப்பதற்கும் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேமரா வைத்தே தீருவோம் என்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஹெல்மெட்டைத் தேடும் அதே மென்பொருளுக்குத் திறந்த விளிம்பைத் தேடக் கற்றுக்கொடுங்கள். தடுப்பு இல்லாத லிஃப்ட் வாசல், கைப்பிடி கழன்ற சாரம், மூடாத தரைத் துளை, ஒற்றைப் பலகை ஆகியவற்றுக்கு அது சிவப்புக் கட்டம் போடட்டும். ஹெல்மெட் நகர்ந்துகொண்டே இருப்பது. விளிம்பு அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும், இயந்திரக் கண்ணுக்கு இது எளிய வேலை. அந்தத் தகவல் மேஸ்திரியின் கைபேசிக்குப் போக வேண்டாம். கட்டட உரிமையாளருக்கும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட முதன்மைக் கான்ட்ராக்டருக்கும், தொழில் பாதுகாப்பு ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் போகட்டும். எத்தனை மணிக்குத் தெரிந்தது, எத்தனை மணிக்குச் சரிசெய்யப்பட்டது என்று பதிவாகட்டும். நீதிமன்றத்துக்குப் போகும் பதிவு அதுவாக இருக்கட்டும்.

இதோடு டெண்டரில் நான்கு வரி எழுதினால் போதும். குழாய்ச் சாரம், முழுப் பலகையோடு, சதுர மீட்டருக்கு இவ்வளவு. விளிம்புக் கைப்பிடி, ஓடு மீட்டருக்கு இவ்வளவு. பாதுகாப்பு வலை, சதுர மீட்டருக்கு இவ்வளவு. கான்கிரீட்டில் புதைத்த ஆங்கர் வளையம், ஒன்றுக்கு இவ்வளவு. நான்கையும் ஏலத்துக்கு வெளியே, அரசே நிர்ணயித்த விலையில் வைக்க வேண்டும், யாரும் குறைத்துக் கேட்க முடியாதபடி. உதவிப் பொறியாளர் டேப்பைப் பிடித்து இவற்றை அளந்து அளவுப் பதிவேடான எம்-புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த மாடியின் பூச்சு வேலையைத் தொடங்க அனுமதி. எம்-புக்கில் கைப்பிடியின் அளவு இல்லாத மாடிக்குப் பூச்சு பில் பாஸ் ஆகக் கூடாது.